தாசில்தாரின் தவறுகள்

அசரியா ஜீவரத்தினம் எழுதியதெல்லாம் மின்சார ரயிலில்தான். சிட்லபாக்கத்து வீட்டிலிருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அங்கிருந்து பீச் ஸ்டேஷன் வரை ஏறக்குறைய ஐம்பது நிமிடம். மடியில் பரீட்சை அட்டை, அதன் கிளிப்பில் தாள். காலையில் வரைவு, மாலையில் திருத்தம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் போய்விடும். மற்ற நேரங்களில் அவர் துறைமுகத்துக்கு எதிரே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா.

வீட்டில் எழுத முடியாது. எழுத வேண்டிய விஷயங்கள் வீட்டில்தான் இருந்தன. அவற்றில் ஒன்று அவருடைய நாற்காலியில் படுத்திருக்கும். இன்னொன்று நாற்காலிக்குக் கீழே. மூன்றாவது சன்னலுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தும்.

ஓடும் வண்டியில் எழுதியதால் அவர் கையெழுத்து இரண்டு வகை. வண்டி நின்றிருக்கும்போது எழுதிய வரி நேராக இருக்கும். ஓடும்போது எழுதியது கோணும். மகள் யூனிஸ் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, கோடுகளைப் பார்க்கும் கண் வந்த பிறகு, வீட்டில் கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய வரைவுகளை எடுத்துப் பார்த்தாள். விரலை வைத்துச் சொன்னாள்.

"இது கிண்டி. இது சைதாப்பேட்டை. இங்க ரொம்ப நேரம் நேரா இருக்கே... சிக்னல் விழலையாப்பா?"

"எழுதினது எப்படி இருக்குன்னு கேட்டா, வண்டி எப்படிப் போச்சுன்னு சொல்றே" என்றார் அசரியா. ஆனால் அவருக்குப் பெருமை. அன்று மாலையே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்.

விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

நாற்காலிக்குக் கீழே படுப்பது நாய். பெயர் தாசில்தார். ஏரிக்கரை தொடங்கி ஸ்டேஷன் ரோடு வரை தினமும் காலையில் நடந்து, ஒவ்வொரு எல்லைக்கல்லையும் கம்பத்தையும் நேரில் பார்வையிட்டு, முத்திரை வைத்துவிட்டுத் திரும்பும். அதனால் அந்தப் பெயர். செம்மண் நிறம். இடது காது பாதிதான். மீதி ஏதோ எல்லைத் தகராறில் போயிற்று.

நாற்காலிக்கு மேலே படுப்பது பூனை. பெயர் மிஸஸ். யாருடைய மிஸஸ் என்பது கடைசி வரை தெரியவில்லை.

சன்னலுக்கு வெளியே கத்துவது வான்கோழி. பெயர் டிசம்பர். 1964இல் கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று வாங்கியது. அதே நவம்பரில், அது தன் நிழலைப் பார்த்து எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போனதைப் பற்றி அசரியா ஒரு பக்கம் எழுதிவிட்டார். நாற்பத்தோரு கடிதங்கள் வந்தன. ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டு மனு அனுப்பியிருந்தது: டிசம்பரைக் கொல்லக் கூடாது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்து முட்டைக் குழம்பு. வான்கோழி சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் ஆட்டுக்கறி வாங்கலாம்னு இருக்கேன்" என்றாள் மனைவி ஜெயசீலி. தாம்பரத்தில் கணக்கு டீச்சர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். "உயிரோட வேணாம். கிலோவா வாங்கிக்கலாம். உங்ககிட்ட காட்டவே மாட்டேன்."

அசரியா தன் பக்கத்தில் யாரையும் புகழ்ந்ததில்லை. அந்த வாரம் யார் என்ன தப்பு செய்தார்கள் என்பதே விஷயம். பாசத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. தாசில்தார் ஞாயிறு ஆராதனையில் கோயிலுக்குள் நுழைந்து, பாடகர் குழுவில் தடித்த குரல்காரர் ஒருவர் வாயைத் திறக்கும்போது மட்டும் ஊளையிட்டது. போதகரின் செருப்பில் ஒன்றை மட்டும் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்துக்கொண்டது. கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கொண்டுவரும் பச்சையம்மாவின் கூடையிலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தை இழுத்துக்கொண்டு ஓடியது. எல்லாம் அச்சில் வந்தன. மீன் விஷயத்தை யாரோ பச்சையம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள்.

"இன்னா சார், என் மீன உன் நாயி துன்னுது. நீ அத்த எழுதி பேரு வாங்கிக்கினு கீறே. எனுக்கு இன்னா?"

"உன் பேரையும்தான் போட்டிருக்கேன் பச்சையம்மா."

"பேரப் போட்டு கொயம்பு வெக்க முடியுமா?"

பூனை செய்த குற்றம் வேறு. சனிக்கிழமைகளில் ஜெயசீலி மீன் வறுத்துத் தட்டில் அடுக்கி மூடிவிட்டுக் குளிக்கப் போவாள். திரும்பி வந்தால் தட்டில் குறைந்திருக்கும். மிஸஸின் திருட்டைப் பற்றி அசரியா பல பக்கங்கள் எழுதினார். "மிஸஸை வன்மையாகக் கண்டிக்கவும்" என்று வாசகர்கள் எழுதினார்கள். யூனிஸுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு சனிக்கிழமை அடுப்படியில் எட்டிப் பார்த்தபோது, தட்டு முன்னால் நின்றிருந்தது அப்பா. பூனை அவர் காலடியில் முள்ளுக்குக் காத்திருந்தது. அவள் பார்த்து முடிப்பதற்குள் நான்கு துண்டுகள் போய்விட்டன.

அசரியா வாயைத் துடைத்துக்கொண்டு மகளிடம் மெதுவாகச் சொன்னார்: "பூனை மறுத்துப் பேசாதும்மா."

யூனிஸும் யாரிடமும் சொல்லவில்லை.

1967இல் ஒரு புது வாசகி எழுதத் தொடங்கினாள். பெயர் மெஹர் பானு. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த காசநோய் மருத்துவமனையில் ஒரு வருடமாகப் படுத்திருந்தாள். ஊர் பல்லாவரம், அண்ணன் அத்தாவுல்லாவுக்குத் தோல் வியாபாரம். வார்டில் பதினாறு கட்டில்கள். பத்திரிகை வந்ததும் அவள்தான் உரக்கப் படிப்பாளாம். "எங்கள் வீட்டில் நாயைச் சேர்க்கும் வழக்கமில்லை. பத்திரிகையில் வரும் நாய்க்குத் தடை ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு கடிதமும் ஒரே கேள்வியோடு முடியும்: தாசில்தார் நலமா?

1968 ஜனவரியில் வந்த கடிதம் சிறியது. "இந்த மாதம் எங்கள் வார்டில் மூன்று கட்டில்கள் காலி. மூன்று பேரும் வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் பக்கம் வரும் நாளில் மட்டும் இங்கே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. தாசில்தார் நலமா?"

அந்தக் கடிதம் வந்து ஐந்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை விடியும்போது, தாசில்தார் கொய்யா மரத்தடியில் செத்துக் கிடந்தது. வயதாகிவிட்டது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அசரியாவும் யூனிஸும் மூன்றடிக்குத் தோண்டினார்கள். டிசம்பர் வேலியோரம் நின்றது. அன்று அது கத்தவில்லை.

அசரியா கையைக் கழுவிக்கொண்டு வழக்கமான வண்டிக்குப் போனார்.

இரவு சாப்பாட்டுக்கு முன் ஜெயசீலி வரைவை எடுத்துப் படித்தாள். அதில் நாய் சாகவில்லை. தாசில்தார் முதல் முறையாகக் குளிக்கச் சம்மதித்ததைப் பற்றி இருந்தது.

"இது யார் வீட்டு நாய்?" என்றாள்.

"அங்க மூணு கட்டில் காலி ஜெயசீலி. இதையும் போய்ச் சொல்லணுமா? அந்தப் பொண்ணு குணமாகி வெளியே வரட்டும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது உயிரோட இருக்கட்டும். எழுதறவன் நான்தானே."

யூனிஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். பூனையைப் பற்றிய வரிகளும் வான்கோழியைப் பற்றிய வரிகளும் எப்போதும்போல் கோணலாக ஓடின. நாயைப் பற்றிய வரிகள் மட்டும் எல்லாமே நேர். வண்டி ஓடும்போதெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொண்டு, நின்ற இடத்தில் மட்டும் தாசில்தாரை எழுதியிருக்கிறார். அவள் தாளைக் கம்பியில் குத்தினாள்.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. அச்சில் தாசில்தார் வாரம் தவறாமல் வந்தது. பச்சையம்மாவின் கூடையைத் தாண்டிப் பார்வையைத் திருப்பாமல் நடந்தது. போதகரின் செருப்பைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தது. மெஹர் பானுவின் கடிதங்களும் வாரம் தவறாமல் வந்தன. தாசில்தார் நலமா? நலம் என்று அசரியா பதில் போட்டார். ஒவ்வொரு தடவையும் தபால் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு வருவார்.

செப்டம்பரில் வந்த அட்டையில் வேறு சேதி. "குணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குப் போகிறேன். அண்ணன் வருகிறார். போகும் வழியில் ஐந்து நிமிடம் உங்கள் வீட்டில் இறங்கி, தாசில்தாரைப் பார்க்க வேண்டும்."

அசரியா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிடலாமா?"

"நாய் எந்த ஊருக்குங்க போகும்? சித்தப்பா வீட்டுக்கா?" என்றாள் ஜெயசீலி. "உண்மையைச் சொல்லிடுங்க."

"எட்டு மாசம் காப்பாத்தி வெச்சதை, அந்தப் பொண்ணு பொழைச்சு வர்ற அன்னிக்கா சாகடிக்கிறது? இத்தனை நாளா ஏமாத்தினேன்னு ஆகிடாதா?"

ஜெயசீலி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அசரியா ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜெயவேலுவிடம் போனார். அவனிடம் செம்மண் நிறத்தில் ஒரு நாய் இருந்தது. பெயர் டைகர்.

"ஒரு சாயங்காலத்துக்குத்தான் ஜெயவேலு. கடிக்குமா?"

"சே, கொயந்த மாரி சார். சோறு போட்டா கம்முனு கெடக்கும்... மத்தபடி கோயி, பூன, சைக்கிள், மழ, இதுங்கள கண்டாத்தான் கொஞ்சம் பேஜார்."

ஞாயிறு பிற்பகல் டைகர் வந்தது. அதற்கு இரண்டு காதுகளும் முழுசாக இருந்தன.

"யூனிஸ், நீதானே பாலிடெக்னிக்ல படிக்கிறே. இதுக்கு ஏதாவது செய்யேன்."

"நான் படிக்கிறது மோட்டாருப்பா. காது இல்ல."

ஆனாலும் செய்தாள். இடது காதைப் பாதியாக மடக்கி, மேலே துணி சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். புண் என்று சொல்லிக்கொள்ளலாம். பல்வலி வந்த ஆளைப் போல் இருந்தது நாய். மிஸஸை அறையில் போட்டுப் பூட்டினார்கள். டிசம்பரைப் பிடிக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு ஜட்கா வண்டி வாசலில் நின்றது. மெஹர் பானு அசரியா நினைத்ததைவிடச் சின்னப் பெண்; இருபத்தாறு இருக்கும். சேலை அவளைவிட அகலமாக இருந்தது. அத்தாவுல்லா வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாய் இருக்கும் வீடு என்று தெரிந்து வாசற்படிக்குமேல் ஏறாமல் நின்றார்.

"வாங்கம்மா, வாங்க. இதோ... தாசில்தார்" என்றார் அசரியா.

நாய் திரும்பவில்லை.

"தாசில்தார்! இங்க பாரு, யாரு வந்திருக்காங்க!"

நாய் பின்னங்காலால் துணியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அசரியா மூன்றாம் தடவை கூப்பிடும் முன்பு டிசம்பர் வந்துவிட்டது. தாசில்தாரோடு மூன்று வருடம் ஒரே தட்டில் தின்ற பறவை அது. இந்த நாயை ஒரு தடவை பார்த்தது. இறக்கையை விரித்துக்கொண்டு பாய்ந்தது. டைகர் வாலைக் கால்களுக்கிடையே நுழைத்துக்கொண்டு அத்தாவுல்லாவை நோக்கி ஓடியது. "யா அல்லா, தொட்டுடப் போவுது!" என்று அவர் ஜட்காவுக்குள் தாவினார். துணி அவிழ்ந்து கிணற்றடியில் விழுந்தது. இரண்டு முழுக் காதுகளும் நிமிர்ந்து நின்றன.

அதே நேரம் பார்த்து வேலிக்கு வெளியே ஜெயவேலு சைக்கிளில் வந்தான்.

"டைகர்! இன்னாடா அங்க ஆட்டம்? வா, வூட்டுக்குப் போலாம்!"

டைகர் வேலியை ஒரே தாவில் தாண்டிப் போயிற்று.

அசரியா தரையைப் பார்த்தார். யூனிஸ் அப்பாவின் காதுகள் சிவப்பதை அன்றுதான் பார்த்தாள்.

மெஹர் பானு தாழ்ந்த குரலில் கேட்டாள். "சார், அது எங்க படுத்திருக்கு?"

அசரியா தலையைத் தூக்கினார்.

"எங்களுக்கு பிப்ரவரியிலயே தெரியும் சார்."

"எப்படிம்மா?"

"குளிக்க ஒத்துக்கிச்சுன்னு எழுதினீங்க. சரி, ஏதோ ஒரு நாள்னு விட்டோம். அடுத்த வாரம் மீன் கூடையைத் திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் செருப்பைக் கொண்டுபோய் வெச்சிச்சு. அன்னிக்கு நான் படிச்சு முடிச்சதும் வார்டுல ஒருத்தரும் சிரிக்கல. பக்கத்துக் கட்டில் அக்கா சொன்னாங்க, 'பாவம், போயிடுச்சு போலிருக்கு'ன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "செத்தவங்களைப் பத்தி எப்படிப் பேசுவாங்கன்னு எங்களைவிட யாருக்குத் தெரியும் சார்? இருக்கறவரைக்கும் சண்டைக்காரி, சோம்பேறி. கட்டில் காலியானதும் தங்கமான பொண்ணு."

"அப்புறம் ஏம்மா வாரா வாரம் நலமான்னு கேட்டே?"

"நீங்க சொல்ல முடியாம இருக்கீங்கன்னு புரிஞ்சுது. திடீர்னு கேக்கறதை நிறுத்தினா, எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். மனசு கஷ்டப்படுவீங்க. அதனால வார்டுல பேசி, கேட்டுக்கிட்டே இருக்கறதுன்னு முடிவு பண்ணினோம்."

"இன்னிக்குப் பாக்கணும்னு எழுதினியே?"

"நான் நல்லாத்தான் இருக்கேன், இனிமே உண்மையைச் சொல்லலாம்னு உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன். நீங்க வேற நாயைக் கொண்டாந்து கட்டுவீங்கன்னு நெனைக்கவே இல்ல சார்."

ஜட்காவுக்குள்ளிருந்து அத்தாவுல்லா சிரித்துவிட்டார். அவரைத் தொடர்ந்து ஜெயசீலி. அசரியாவும் சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் கண்ணாடியைக் கழற்ற வேண்டி வந்தது. எட்டு மாதத்தில் அவர் அழுதது அப்போதுதான். கொய்யா மரத்தடிக்கு அவர்தான் அழைத்துக்கொண்டு போனார். மெஹர் பானு அங்கே நின்று, "எவ்வளவு சேட்டை பண்ணுச்சு" என்றாள். டிசம்பர் இருவருக்கும் நடுவே வந்து நின்றுகொண்டது.

அடுத்த வாரப் பக்கத்தில் தாசில்தார் இறந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அதுவரை எழுதாமல் விட்ட பதினேழு குற்றங்களும் கூடவே வந்தன. வரைவு முழுவதும் கோணல்.

அசரியா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எழுதினார். ஓய்வு பெற்றபின் அலுவலகம் இல்லை. எழுதுவதற்காக மட்டும் சீசன் டிக்கெட் வாங்கி, பீச் வரை போய், இறங்காமல் திரும்பி வருவார். 1977 ஜூலையில் ஒரு புதன்கிழமை காலை, சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தார். இதயம். கம்பியில் இருந்த கடைசித் தாளை யூனிஸ் இரண்டு முறை பார்த்தாள். கடைசி வரி கோணலாக, முடியாமல் நின்றிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது அந்தச் சபையில் வழக்கம். சபைக் காரியதரிசி அப்பாதுரை அதைத் தானே எழுதி, மறுநாள் காலை வீட்டுக்கு எடுத்து வந்தார். மகள் வாசிக்க வேண்டும். யூனிஸ் அப்போது மின்சாரத் துறையில் உதவிப் பொறியாளர். நின்றபடியே படித்தாள். அன்னார் கடின வார்த்தை பேசாதவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர். பொய் அறியாதவர். உணவில் மிதமானவர்.

"சார், இது யாருன்னு தெரியல" என்றாள்.

"என்னம்மா இப்படிச் சொல்றே? எல்லாம் நல்லதுதானே எழுதியிருக்கேன்."

"அதான் சார்."

தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருந்ததில் எழுத ஆரம்பித்தாள்.

கோயிலில் அப்பாவின் பிறந்த தேதி, படிப்பு, வேலை, திருமணம் எல்லாவற்றையும் அப்பாதுரை எழுதியபடியே அவள் வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். அசரியா ஜீவரத்தினம் ஜெபக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் மொட்டைமாடிக்கு ஏறி ஏணியையும் இழுத்துக்கொள்வார். இரவல் வாங்கிய குடை எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை. நோயாளிகள் பதினாறு பேரிடம் எட்டு மாதம் பொய் சொன்னார். அதை ஒருவரும் நம்பவில்லை. அப்பாதுரை விரல்களால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். யூனிஸ் மேலே வாசித்தாள். "இவர் தம் பக்கத்தில் பல வருடம் மிஸஸ் என்ற பூனையின் மீது மீன் திருட்டுப் பழி சுமத்தினார். அந்தப் பூனை நிரபராதி. வறுத்த மீனைத் தின்றவர் இவரே. ஒரு சனிக்கிழமை மட்டும் நான்கு துண்டுகள். நேரில் பார்த்த சாட்சி உண்டு."

கடைசி வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு, சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெஹர் பானு. பக்கத்தில் அவள் கணவனும் இரண்டு பிள்ளைகளும். அதற்குப் பிறகு வரிசை வரிசையாக அந்தச் சிரிப்பு முன்னால் வந்தது. போதகர் குனிந்து எதையோ தேடினார்.

முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த ஜெயசீலி நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தலையை நிமிர்த்தினாள்.

"நாலு இல்லடி," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் எண்ணி வெச்சிட்டுத்தான் குளிக்கப் போவேன். அஞ்சு."

யூனிஸ் பேனாவை எடுத்தாள். நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள். அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.